மாவட்டத்தில் முதலாவது... மாநிலத்தில் ஆறாவது! ஏன்?



கெடா, சிடாம் கிரியில் நாங்கள் பதிவு செய்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலின் தலைப்பு 'தோட்டத்துப் பிள்ளைகளும் விளையாட்டும்'. காற்பந்து, உதவித்தொகை, விளையாட்டுப் பள்ளிகள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி முடிய இன்னும் பத்து நிமிடம்தான். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டார். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுபவர்.

"தம்பி, என் மவன் 800 மீட்டர் ஓடுறான். நாலாம் படிவம். மாவட்டத்துல முதலாவது வந்தான். ரெண்டு நிமிசம் அஞ்சு வினாடி. தூக்கிவெச்சு ஆடுனோம். அஞ்சு வாரம் கழிச்சு மாநிலப் போட்டி. அதுல ஆறாவது. ரெண்டு நிமிசம் பத்து. அந்த அஞ்சு வாரமும் அவன் ஒருநாள்கூட பயிற்சிய விடல. மழையிலயும் ஓடுனான். போட்டிக்கு முந்தின நாள்கூட முழு மூச்சா ரெண்டு தடவ ஓடிப் பார்த்தான். உழைச்சவனுக்கு எப்படித் தம்பி நேரம் கூடும்?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. இரண்டு நிமிடத்தில் என்னால் முடிந்த பதிலைச் சொன்னேன். அது போதாது என்பது அப்போதே எனக்குத் தெரியும். நான் படித்தது மக்கள் தொடர்புத் துறை. ஆனாலும் இந்தக் கேள்வியை விட மனமில்லாமல், பயிற்றுநர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே விரிவாகத் தருகிறேன்.

நேரடியான பதில் இதுதான்: அந்தப் பையனின் கால்கள் மாவட்டப் போட்டியன்று உச்சத்தில் இருந்தன. மாநிலப் போட்டியன்று களைத்துப் போயிருந்தன. அவன் குறைவாக உழைக்கவில்லை. உழைப்பை நிறுத்த வேண்டிய வேளையில் நிறுத்தவில்லை.

மரத்துக்கும் ஓய்வு உண்டு

ஒவ்வொரு கடும் பயிற்சியும் உடலில் இரண்டு காரியங்களை விட்டுச் செல்கிறது. ஒன்று தெம்பு, மற்றொன்று களைப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. ஆனால் இறங்கும் வேகம் வேறு. களைப்பு சில நாள்களில் வடிந்துவிடும். தெம்பு கரைய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பயிற்சியின் அளவைக் குறைத்தால், தெம்பு அப்படியே இருக்கக் களைப்பு மட்டும் வெளியேறும் ஒரு சிறு காலம் கிடைக்கிறது. அந்தச் சிறு காலத்தைத்தான் உச்சம் என்கிறார்கள். கடைசி நாள்வரை ஓடிக்கொண்டே இருப்பவனுக்குத் தெம்பு இருக்கும், ஆனால் களைப்பு அதை மூடி வைத்திருக்கும்.

இதை நான் மண்டபத்தில் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி சிரித்தார். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். "இதுக்கு என்னா பெரிய விளக்கம்? மரத்த ஒருநாள் விட்டு ஒருநாள்தானே சீவுவோம். தினம் சீவுனா பால் வருமா?" என்றார். கைத்தட்டல் அவருக்குத்தான். என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜாகர்த்தா, 1985

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1985 செப்டம்பரில் இந்தோனேசியத் தலைநகர் ஜாகர்த்தாவில் ஆசியத் திடல்தட வெற்றியாளர் போட்டி நடந்தது. இந்தியாவின் பி.டி. உஷா 5 தங்கம் வென்றதால் அந்தப் போட்டி பலருக்கும் நினைவிருக்கும். அதே போட்டியில் ஆண்கள் 800 மீட்டரில் தங்கம் வென்றவர் மலேசியாவின் பி. ராஜ்குமார். நேரம் 1 நிமிடம் 47.37 வினாடி. அதுவே தேசியச் சாதனையாகவும் ஆனது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நேரத்தை எந்த மலேசியரும் தொடவில்லை. சராசரியாகப் பார்த்தால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 53.7 வினாடி. நம் பள்ளிப் போட்டிகளில் 400 மீட்டரை மட்டும் அந்த நேரத்தில் ஓடினாலே பதக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். அவர் அதை இடைவெளி இல்லாமல் இரண்டு முறை ஓடினார்.

நான் இங்கே சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. வாழ்நாளின் சிறந்த ஓட்டத்தை அவர் ஏதோ ஒரு மாலையில் சாதாரணத் திடலில் ஓடவில்லை. ஆசியாவின் பதக்கம் காத்திருந்த நாளில் ஓடினார். திறமை உள்ளவர்கள் பலர். திறமையும் நாளும் ஒன்றுசேர்ந்தவர்கள் மிகச் சிலர்.

அந்த ஆண்டின் நாள்காட்டியையும் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் ஜாகர்த்தா. டிசம்பர் 8-ஆம் நாள் பேங்காக்கில் சீ விளையாட்டுப் போட்டி தொடக்கம். இடையில் ஏறக்குறைய பத்து வாரம். ஓர் உச்சத்திலிருந்து இறங்கி, மறுபடி அடித்தளம் போட்டு, இன்னோர் உச்சத்துக்கு ஏற அது ஓரளவு போதுமான இடைவெளி. லோரி ஓட்டுநர் மகனுக்குக் கிடைத்தது ஐந்து வாரம்தான்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

800 மீட்டரை 'நீண்ட விரைவோட்டம்' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உடலின் கணக்கு வேறு. தேர்ந்த ஓட்டக்காரர்களிடம் 2001-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வின்படி, 800 மீட்டருக்கான சக்தியில் ஏறக்குறைய 66 விழுக்காடு மூச்சுக்காற்றின் உயிர்வளியைக் கொண்டு கிடைப்பது. 1500 மீட்டரில் அது 84 விழுக்காடு. மிச்சம்தான் உயிர்வளி இல்லாமல் தசை அவசரமாக எரித்துக்கொள்ளும் சக்தி. கடைசி 150 மீட்டரில் கால் கல்லாகிப் போவது இந்த அவசரச் சக்தியின் விளைவு.

இரண்டு சக்தியும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மூச்சின் பலம் மாதக்கணக்கில் மெதுவாக வளர்கிறது, நெடுநாள் நிற்கிறது. அவசரச் சக்தியைக் கூட்டும் கடும் திடல் பயிற்சியோ நான்கு முதல் ஆறு வாரத்தில் தன் பலனைக் கொடுத்துவிடும். அதற்குமேல் நீட்டினால் ஆளைத் தேய்க்கும். இதனால்தான் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை இவ்வளவு முக்கியமாகிறது.

இந்த வரிசையை உலகுக்குக் காட்டியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், விடியற்காலையில் வீடு வீடாகப் பால் போட்டவர். பெரட்டுக்கு முன்னால் எழுந்து பழகிய நம் மக்களுக்கு அவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். தம் ஓட்டக்காரர்களை முதலில் வாரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு நிதானமாக ஓடவிட்டார். பிறகு மேட்டு ஓட்டம். அதற்குப் பிறகே திடலில் வேகப் பயிற்சி. கடைசியில் அளவைக் குறைத்துக் கால்களைப் புதிதாக்குவார். 800 மீட்டர்காரனுக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று பலர் கேலி செய்தார்கள். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஒரு மணி நேரத்துக்குள் அவரது இன்னொரு மாணவர் முர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். 1964-இல் தோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 இரண்டிலும் வென்றார்.

16, 17 வயதுப் பிள்ளைக்கு 160 கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம். வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். போட்டி நாளிலிருந்து பின்னால் எண்ணுங்கள். கடைசி இரண்டு வாரம் குறைப்புக் காலம். அதற்கு முந்திய ஐந்து வாரம் திடலில் வேகப் பயிற்சி. அதற்கும் முந்திய இரண்டு மூன்று வாரம் மேட்டு ஓட்டம். அதற்கும் முன் ஏழெட்டு வாரம் மண் சடக்கில் நிதான ஓட்டம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். மொத்தம் 16 முதல் 18 வாரம். கெடாவில் ஆண்டுத் தொடக்க மாதங்கள் வறண்டு கொளுத்தும் காலம் என்பதால் நிதான ஓட்டத்தைக் காலையில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. செலவு என்று பார்த்தால் ஒரு ஜோடி காலணிதான். தோட்டத்து மண் சடக்கு கால் மூட்டுக்குத் தார்ச்சாலையைவிட இதமானது. நகரத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி இது ஒன்றாவது நம்மிடம் இருக்கிறது!

கடைசி இரண்டு வாரம்

பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். பயத்தால் நடப்பது. போட்டி நெருங்க நெருங்க, 'இன்னும் கொஞ்சம்' என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆசிரியருக்கும் அதே பயம், அப்பாவுக்கும் அதே பயம்.

கனடாவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல மருந்து. நன்கு பயிற்சி பெற்ற நடுத்தர ஓட்டக்காரர்களைப் போட்டிக்கு முந்திய ஒரு வாரம் மூன்று விதமாகச் சோதித்தார்கள். ஒரு முறை முழு ஓய்வு. ஒரு முறை நிதான ஓட்டம் மட்டும், அளவைக் குறைத்து. இன்னொரு முறை மிகக் குறைந்த தூரம், ஆனால் போட்டியைப் போன்ற கடும் வேகத்தில், நாளுக்கு நாள் எண்ணிக்கை குறையும்படி. பிறகு ஓடு இயந்திரத்தில் விழும்வரை ஓடவிட்டார்கள். குறைந்த தூரம், கடும் வேகம் என்ற முறையில் தாக்குப்பிடிக்கும் நேரம் 22 விழுக்காடு கூடியது. நிதான ஓட்டத்தில் 6 விழுக்காடு. முழு ஓய்வில் 3 விழுக்காடு குறைந்தது!

ஆக, படுத்துக் கிடப்பதும் வழியல்ல. 2007-இல் 27 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தூரத்தை 41 முதல் 60 விழுக்காடு வரை குறையுங்கள். வேகத்தைக் குறைக்காதீர்கள். திடலுக்குப் போகும் நாள்களையும் குறைக்காதீர்கள்.

நடைமுறையில் எப்படி? ஆறு தடவை 300 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த பையன் பத்து நாளுக்கு முன் மூன்று தடவை ஓடுகிறான். அதே வேகம், நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு. ஆறு நாளுக்கு முன் இரண்டு தடவை. மூன்று நாளுக்கு முன் நான்கு தடவை 150 மீட்டர். முந்திய நாள் கால் மணி நேரம் மெதுவோட்டம், நான்கைந்து சிறு பாய்ச்சல், அவ்வளவுதான். 'இன்னும் ஓடணும்போல இருக்கே' என்ற தவிப்போடு அவன் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தவிப்புதான் நல்ல அறிகுறி. முந்திய நாள் முழு மூச்சாக ஓடிப் பார்ப்பது, நாளைக்குத் தரவேண்டிய பணத்தை இன்றே செலவழிப்பது.

இதனால் என்ன கிடைக்கும்? சரியான குறைப்பு இரண்டு மூன்று விழுக்காடு முன்னேற்றம் தரலாம் என்கிறார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். 2 நிமிடம் 6 வினாடியில் ஓடும் பையனுக்கு 2 விழுக்காடு என்பது இரண்டரை வினாடி. தூரக் கணக்கில் ஏறக்குறைய 16 மீட்டர். பள்ளி 800 மீட்டரில் முதலாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று அடுத்த முறை நின்று பாருங்கள்.

மூன்று போட்டி, ஓர் உச்சம்

நம் பிள்ளைகளுக்கு உண்மையான சிக்கல் இனிமேல்தான். மாவட்டம், மாநிலம், பிறகு தேசிய அளவில் எம்.எஸ்.எஸ்.எம். சில வார இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன. மாவட்டத்தில் தேறாவிட்டால் மாநிலமே இல்லை. அப்படியிருக்க உச்சத்தை எந்தப் போட்டிக்கு வைப்பது?

நன்றாக ஓடும் பிள்ளை என்றால், மாவட்டப் போட்டியைப் பயிற்சியின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் மட்டும் சற்றுக் குறைத்துவிட்டு ஓடட்டும். அங்கே நேரம் சுமாராக இருந்தால் கவலை வேண்டாம். தேறினால் போதும். முழுக் குறைப்பை மாநிலத்துக்கு வையுங்கள். மாநிலத்தில் உறுதியாகத் தேறக்கூடியவன் என்றால் தேசியப் போட்டிக்கு வையுங்கள். மாவட்டத்திலேயே தேறுவது இழுபறி என்றால், உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஆண்டு அவனுடைய உச்சம் மாவட்டத்தில்தான் இருக்க வேண்டும். அதில் வெட்கம் ஏதும் இல்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று முன்கூட்டியே நேர்மையாக முடிவு செய்வதுதான் கஷ்டம். பெற்றோருக்கு ரொம்பவே கஷ்டம்.

பெரியவர்களே வழியில் தோற்றுவிட்டு உரிய நாளில் வென்றிருக்கிறார்கள். மொரோக்கோவின் ஹிசாம் எல் குரூஜ் 2004 ஜூலையில் ரோம் போட்டியில் 8-ஆவதாக வந்தார். ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 1500, 5000 இரண்டிலும் தங்கம். இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோ (இவருடைய தாய்வழித் தாத்தா ஒரு பஞ்சாபி) 1983-இல் நோயில் படுத்தவர். 1984 ஜூனில் உள்நாட்டுப் போட்டியில் 1500 மீட்டரில் பீட்டர் எலியட்டிடம் தோற்றார். ஆனாலும் 1500 மீட்டருக்குத் தேர்வானவர் கோதான். பத்திரிகைகள் சும்மா விடவில்லை. ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒன்பது நாளில் ஏழு ஓட்டம் ஓடி, 800 மீட்டரில் வெள்ளியும் 1500 மீட்டரில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கமும் வென்றார். ஜூனில் தோற்ற கால்கள்தான் அவை.

ஒரே பிள்ளை, ஆறு போட்டி

இனி சொல்லப்போவது சில ஆசிரியர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் வேகமாக ஓடும் பிள்ளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்தப் பிள்ளைதான் 400, அவனேதான் 800, 1500, அஞ்சல் ஓட்டம், குறுக்கோட்டம். மாலையில் காற்பந்துக் குழுவிலும் அவனே. பள்ளிக்குப் புள்ளி சேரும், பிள்ளைக்குக் கால் போகும்.

லோரி ஓட்டுநரிடம் நிகழ்ச்சி முடிந்தபின் விசாரித்தேன். மாநிலப் போட்டிக்கு ஒன்பது நாளுக்கு முன் பையன் ஒரு காற்பந்துப் போட்டியில் ஒரே நாளில் நான்கு ஆட்டம் ஆடியிருக்கிறான். "அதுவும் ஓட்டம்தானே, நல்லதுதானேன்னு நெனச்சோம்" என்றார். மாநிலப் போட்டியன்று காலையில் 800 மீட்டர் தகுதிச் சுற்றுக்குப் பிறகு 1500 மீட்டரும் ஓடியிருக்கிறான். 800 மீட்டர் இறுதிச் சுற்று அதற்கடுத்து. பாவம், ஆறாவதாக வந்ததே பெரிது.

புறப்பாடத்துக்குப் பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காடு மதிப்பெண் இருப்பதால் எத்தனை போட்டி முடியுமோ அத்தனையிலும் பெயர் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. மாநில அளவில் ஒரு போட்டியில் பெறும் நல்ல இடம், மாவட்ட அளவில் ஐந்து போட்டியில் கலந்துகொள்வதைவிடக் கூடுதல் மதிப்புடையது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

வேறு சில சின்ன விசயங்கள். காலையில் கண் விழித்ததும் எழுமுன் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் அன்று கடும் பயிற்சி வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று கிளினிக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். போட்டிக்கு முந்திய இரவு வழக்கமான சாப்பாடே போதும், 'பலம் வரட்டும்' என்று ஆட்டிறைச்சி விருந்து வேண்டாம். மண்டபத் தரையில் பாய் விரித்துப் படுக்க நேர்ந்தால் முந்திய இரவு தூக்கம் சரியாக வராது. அதனால் அதற்கு முந்திய நான்கைந்து இரவு வீட்டில் நன்றாகத் தூங்கச் செய்யுங்கள்.

கருவிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அப்பா மறுபடி வந்தார். இந்த முறை பையனும் கூட இருந்தான். ஒல்லியான உருவம், பேச்சே இல்லை.

"தம்பி, அடுத்த வருசம் அஞ்சாம் படிவம். கடைசி வாய்ப்பு. மாநிலப் போட்டி மார்ச் முதல் வாரம்னு வெச்சுக்குவோம். எப்ப தொடங்கணும்?"

கைப்பேசியில் நாள்காட்டியைத் திறந்து மூன்று பேரும் பின்னாலிருந்து எண்ணினோம். இரண்டு வாரம் குறைப்பு. ஐந்து வாரம் திடல். இரண்டு வாரம் மேடு. ஏழு வாரம் மண் சடக்கு. பையனின் விரல் தீபாவளிக்கு அடுத்த வாரத்தில் போய் நின்றது.

"அப்ப முறுக்கு செரிக்கிறதுக்குள்ள ஓடணும்ங்கிறீங்க" என்றார் அப்பா. பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். காற்பந்துக்கு யார் ஆசிரியரிடம் சொல்வது என்று கேட்டான்.

"நான் வந்து சொல்றேன்டா" என்றார் அவர்.